யாரிடம் சொல்லிவிட்டு எடுப்பது?

2023 அக்டோபரில் பைத்தான் என்ற நிரல் மொழியின் 3.12 பதிப்பு வெளியானது. வந்த வேகத்தில் இணையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே புலம்பல்: "நோ மாட்யூல் நேம்டு டிஸ்ட்யூட்டில்ஸ்." ஒரு லைப்ரரியை இன்ஸ்டால் செய்யப் போனால் இந்த வரி. வேறு எதையோ பில்ட் செய்யப் போனாலும் இதே வரி. டிஸ்ட்யூட்டில்ஸ் என்பது பைத்தான் நிரல்களைக் கட்டி அனுப்புவதற்காக 2000-ஆம் ஆண்டிலேயே மொழியோடு சேர்ந்து வந்த மாட்யூல். (மாட்யூல் என்பது வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த நிரல் துண்டு.) அதன் வேலையைச் செட்டப்டூல்ஸ் என்ற வெளிக் கருவி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நீக்கப் போகிறோம் என்று பெப் 632 எழுதி, 2021-இல் வந்த 3.10-லிருந்து எச்சரிக்கையும் போட்டு, இரண்டு வருடம் பொறுத்திருந்துதான் நீக்கினார்கள். (பைத்தானில் ஒரு மாற்றத்தை முன்மொழிய எழுதும் ஆவணத்துக்குப் பெப் என்று பெயர்.) ஆனாலும் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவிட்டார்களே என்றுதான் ஊரெல்லாம் பேச்சு.

இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்னார்கள். இவர்கள் காதில் விழவில்லை. ஒரு மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியை, அதாவது மொழியோடு சேர்ந்தே வரும் மாட்யூல் தொகுப்பை, பராமரிப்பது பற்றிப் பேசும்போது எல்லோரும் நிரலைப் பற்றியே பேசுகிறார்கள்: எது பழசு, எது மெதுவாக ஓடுகிறது, எதற்கு மாற்று வந்துவிட்டது. நான் வேலை செய்யும் இடத்தில் வருடா வருடம் பைத்தான் பதிப்பை ஏற்றிவிடும் வேலை என் தலையில்தான் விழுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நிரல் பெரிய சிக்கலே இல்லை. பழைய ஒரு மாட்யூலை அழிக்க ஒரு மதியம் போதும். அதை நம்பியிருக்கும் ஆளுக்குப் போய்ச் சேரும்படி சொல்வதுதான் பத்து வருடம் ஆனாலும் முடியாத வேலை.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடலாம். எதற்கு எடுக்க வேண்டும்? இருந்துவிட்டுப் போகட்டுமே, தின்னவா போகிறது?

தின்னத்தான் செய்கிறது. 2019-இல் கிறிஸ்டியன் ஹைம்ஸ் எழுதத் தொடங்கி, பிறகு பிரெட் கேனனும் சேர்ந்துகொண்ட பெப் 594-ஐ ஒருமுறை உட்கார்ந்து படித்தால் இது புரியும். பயன் குறைந்துபோன மாட்யூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்லும் ஆவணம் அது. எனக்கு மிகவும் பிடித்தது என்என்டிபிலிப் பற்றிய பத்தி. யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத அமைப்பின் செய்திக் குழுக்களோடு பேசுவதற்கான மாட்யூல் அது. பைத்தானில் கிளையன்ட் பக்கம் மட்டும்தான் உண்டு, சர்வர் கிடையாது. அதனால் அதைச் சோதித்துப் பார்க்க வெளியே யாரோ நடத்தும் செய்தி சர்வரோடு இணைய வேண்டும். அந்த சர்வர் சில நாள் எழுந்திருக்காது, சில நாள் ஆமை வேகம், சில நாள் ஐபிவி6-இல் தகராறு. அப்போதெல்லாம் பைத்தானின் சோதனை ஓட்டமே தோல்வி என்று சிவப்பு காட்டும். யாரோ ஒருவர் தன் சொந்த வேலையை நிறுத்திவிட்டு, இது நாம் செய்த பிழையா அந்த சர்வரின் கோளாறா என்று பார்க்க வேண்டும். யாரும் புழங்காத ஒரு நெறிமுறைக்காக இந்தக் கூத்து.

கிரிப்ட் மாட்யூல் வேறு வகை. கடவுச்சொல்லை ஹாஷ் செய்ய, அதாவது திருப்பி எடுக்க முடியாத குறியாக மாற்ற, அடியிலிருக்கும் சிஸ்டத்தின் சி லைப்ரரியை அப்படியே கூப்பிடும். விண்டோஸில் கிடையாது. எந்த முறைகள் கிடைக்கும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். மொழியோடு வருகிறதே, பத்திரமாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒரு புதியவர் அதை எடுத்துப் பயன்படுத்தினால், மொழியின் பெயரே அவருக்குத் தவறான உத்தரவாதம் கொடுத்ததாகிவிடும். சும்மா கிடக்கும் மாட்யூலும் சும்மா கிடப்பதில்லை.

அதே ஆவணத்தில் தப்பித்தவர்களும் உண்டு. வேவ் என்ற ஒலிக் கோப்பு மாட்யூல் நீக்கும் பட்டியலுக்கு மிக அருகில் போய்த் திரும்பி வந்தது. குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க அது அருமையான கருவி, கம்ப்யூட்டரை விதவிதமாகக் கத்த வைக்கலாம், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஊக்கம் எதுவும் இல்லை என்று பைத்தான் கற்பிக்கும் டேவிட் பீஸ்லி சொன்னதால் விட்டுவைத்தார்கள். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை. இந்த மாதிரி முடிவுகள் வெறும் எண்ணிக்கையை வைத்து எடுக்கப்படுவதில்லை என்பது எனக்கு ஆறுதலான விஷயம்.

ஆக, எடுக்க வேண்டியதை எடுத்துத்தான் ஆக வேண்டும். பராமரிக்க ஆளும் இல்லை. பைத்தான் உருவாக்குநர்களுக்கான கையேட்டில் எந்த மாட்யூலுக்கு யார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தால், பெயருக்கான இடம் பல வரிகளில் காலியாகக் கிடக்கும்.

சரி, எடுக்கப் போகிறோம். எப்படிச் சொல்வது?

பைத்தானில் இதற்கென்று டெப்ரிகேஷன் வார்னிங் என்று ஒரு எச்சரிக்கை வகை இருக்கிறது. பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்டால், 'இது போகப் போகிறது, மாற்றிக்கொள்' என்று ஒரு வரி எழுதும். எழுதும் என்று சொன்னேனே தவிர, அது திரையில் வரும் என்று சொல்லவில்லை. பைத்தான் 2 வரிசையில் 2.7-லிருந்தும் 3 வரிசையில் 3.2-லிருந்தும் இந்த எச்சரிக்கையை இயல்பாகவே மறைத்துவிட்டார்கள். காரணம் நியாயமானது. பைத்தானில் எழுதிய ஒரு மென்பொருளைச் சாதாரணப் பயனர் ஒருவர் இயக்குகிறார், அவர் திரையில் புரியாத பாஷையில் எச்சரிக்கை வந்தால் அவர் என்ன செய்ய முடியும்? நிரல் எழுதியவருக்குப் போக வேண்டிய கடிதம் அவர் வீட்டில் வந்து விழுகிறது.

ஆனால் மறைத்த பிறகு எழுதியவருக்கும் போகவில்லை. தாலுகா ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் நில எடுப்பு நோட்டீஸ் ஒட்டுகிற கதைதான். சட்டப்படி சொல்லியாகிவிட்டது. ஆட்சேபம் இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் வந்து தெரிவிக்கலாம். பொக்லைன் வந்து நிற்கும்போதுதான் வயலுக்குச் சொந்தக்காரருக்கு விஷயமே தெரியும்.

2018-இல் வந்த 3.7 இதைக் கொஞ்சம் சரிசெய்தது. நீங்கள் நேரடியாக ஓட்டும் கோப்பிலேயே அந்தப் பழைய அழைப்பு இருந்தால் எச்சரிக்கை தெரியும், நீங்கள் இம்போர்ட் செய்த லைப்ரரிக்குள் இருந்தால் தெரியாது. இது பெப் 565. நல்ல சமரசம்தான். ஆனால் பெரிய நிரல்களில் நேரடியாக ஓட்டும் கோப்பில் நாலு வரிதான் இருக்கும், மற்றதெல்லாம் உள்ளே மாட்யூல்களில்தான்.

மறைக்காமல் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு அனுபவம் உண்டு. சரங்களுக்குள் (நிரலில் மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துத் தொடர்களுக்குள்) பொருளில்லாத பின்சாய்வுக் கோடு எழுதினால், அதாவது பைத்தானுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்கு முன்னால் அதைப் போட்டால், இனி பளிச்சென்று எல்லோருக்கும் தெரிகிற எச்சரிக்கை தரலாம் என்று 3.8-இல் முடிவு செய்தார்கள். பீட்டா என்ற முன்னோட்டப் பதிப்பு வெளியானதும் சத்தம் கிளம்பியது. தாங்கள் எழுதாத, தங்களால் திருத்தவும் முடியாத லைப்ரரிகளிலிருந்து வரும் எச்சரிக்கைகளைப் பயனர்கள் பார்த்துக் குழம்பினார்கள். முழு வெளியீட்டுக்கு முன்பே அதைப் பின்வாங்கிவிட்டார்கள். அதே மாற்றம் மறுபடி உள்ளே வந்தது 3.12-இல். இது லைப்ரரி விவகாரம் இல்லை, மொழியின் இலக்கண விவகாரம். இருந்தாலும் பிரச்சினை ஒன்றுதான். காட்டினால் தப்பான ஆள் பார்க்கிறார், மறைத்தால் யாருமே பார்ப்பதில்லை.

கலெக்‌ஷன்ஸ் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. மேப்பிங், ஐட்டரபிள் போன்ற பொது வகைகள் முதலில் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் இருந்தன. 2012-இல் வந்த 3.3 அவற்றைக் கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி என்ற உள்மாட்யூலுக்கு மாற்றியது. பழைய இடத்தில் ஒரு மாற்றுப்பெயரை மட்டும் விட்டுவைத்தது. இன்னொரு பக்கம் பைத்தான் 2.7 உயிரோடிருந்தது. அதில் புதிய இடமே கிடையாது. இரண்டிலும் ஓட வேண்டிய லைப்ரரி என்ன செய்யும்? பழைய பெயரையே வைத்துக்கொள்ளும், அதுதான் இரண்டிலும் வேலை செய்கிறது. 3.7-இல் ஒருவழியாக எச்சரிக்கை போட ஆரம்பித்தார்கள். அந்த எச்சரிக்கையின் வாசகத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: 3.8-இல் இது வேலை செய்யாது என்று முதலில் சொன்னது, பிறகு 3.9 என்றது, பிறகு 3.10 என்றது. 2020 ஜனவரி 1-ஆம் தேதி 2.7-இன் ஆதரவு முடிந்தது. லைப்ரரி எழுதுபவர்கள் 2.7-ஐ உதற ஒரு பதிப்பாவது அவகாசம் கொடுப்போம் என்று 3.9-இலும் விட்டுவைத்தார்கள். 2021-இல் 3.10 வந்தபோதுதான் உண்மையிலேயே எடுத்தார்கள். ஒன்பது வருடம். அப்போதும் உடைந்தவை ஏராளம்.

தேதியைத் தள்ளிப்போட்டது சரியா? சரிதான் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நாளைக்கு மூடுகிறோம் என்று தினமும் போர்டு மாட்டும் கடையை யார் நம்புவார்கள்? அடுத்த எச்சரிக்கையைப் பார்க்கும்போது, இதுவும் தள்ளிப்போகும் என்று கை தானாகவே அதை ஒதுக்கிவிடுகிறது.

சேஃப்-கான்ஃபிக்-பார்சர் விஷயத்தில் இன்னும் நீளமான கயிறு விட்டார்கள். செட்டிங்ஸ் கோப்பைப் படிக்கும் கிளாஸ் அது. 2011-இல் வந்த 3.2-இலேயே அதன் குணத்தையெல்லாம் கான்ஃபிக்-பார்சர் என்ற எளிய பெயருக்கு மாற்றிவிட்டு, பழைய பெயர் வேண்டாம் என்று அறிவித்தார்கள். நீக்கியது 3.12-இல். பன்னிரண்டு வருடம் கழித்து! ஆனாலும் பல லைப்ரரிகள் இன்ஸ்டால் ஆகாமல் நின்றன. பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்: வெர்ஷனீர்.

வெர்ஷனீர் என்பது கிட் களஞ்சியத்தில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடம்) போட்ட டேக் என்ற பெயர்க்குறியிலிருந்து பதிப்பு எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் கருவி. அதை வெளியிலிருந்து இறக்கும் சார்பாக இணைப்பதில்லை. அதன் முழு நிரலையும் ஒரு கோப்பாக உங்கள் களஞ்சியத்துக்குள்ளேயே நகல் எடுத்து வைத்துவிடும். அந்த நகலுக்குள் சேஃப்-கான்ஃபிக்-பார்சர் என்ற பழைய பெயர். மூலத்தில் திருத்திவிட்டார்கள். ஆனால் ஆயிரம் வீட்டில் கிடக்கும் நகல்களை யார் போய்த் திருத்துவது? அதைவிட மோசம், ஏற்கெனவே பைபிஐயில், அதாவது பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கில், ஏற்றிவிட்ட பழைய வெளியீடுகள். லைப்ரரியின் உரிமையாளர் இன்று திருத்தினாலும் மூன்று வருடத்துக்கு முன் ஏற்றிய கோப்பு அப்படியேதான் இருக்கும். பழைய பதிப்பைத்தான் பயன்படுத்துவேன் என்று பூட்டி வைத்திருப்பவருக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. எச்சரிக்கை எவ்வளவு சத்தமாக இருந்தாலும், நின்று கேட்க அந்தக் கோப்பில் ஆள் இல்லை.

இப்போது என்னை நேரடியாகப் பாதித்த ஒன்று. டேட்டைம் மாட்யூலில் யூடிசி-நவ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. இப்போதைய யூடிசி நேரத்தை, அதாவது உலகப் பொது நேரத்தை, கொடுக்கும். அந்த மாட்யூல் 2003-இல் 2.3-ஓடு வந்தது. 3.12-இல்தான் யூடிசி-நவ்வை வேண்டாம் என்றார்கள். அதில் என்ன கோளாறு?

மதியம் 3.30 மணிக்குச் சென்னையில் உட்கார்ந்து கூப்பிட்டால் 10.00 என்று வரும். சரியான விடை. ஆனால் அந்த 10.00-இன் மேல் இது யூடிசி என்று எந்த அடையாளமும் இருக்காது. வெறும் பத்து மணி. பைத்தானோ அடையாளமில்லாத நேரத்தை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த விடையின் மேல் டைம்ஸ்டாம்ப், அதாவது விநாடிக் கணக்கு, கேட்டால், காலை 10.00 மணி இந்திய நேரத்துக்கு உரிய எண்ணைக் கொடுக்கும். ஐந்தரை மணி நேரம் பின்னால், 19,800 விநாடி குறைவாக. சர்வரில் கடிகாரம் யூடிசியிலேயே இருப்பதால் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடும். லேப்டாப்பில் ஓட்டினால் மட்டும் தப்பாக வரும். லண்டனில் குளிர்காலத்தில் எழுதிச் சோதித்தவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. நம் ஊரில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு முதல் நாளே தெரியும்.

ஆக நீக்குவது நியாயம். எச்சரிக்கையின் வாசகமும் நல்ல வாசகம், மாற்றாக எதை எழுத வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நேர மண்டலத்தைக் கையில் கொடுத்து நவ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடு, அவ்வளவுதான். தேடி மாற்றினால் முடிந்தது என்று தோன்றும்.

மாற்றிப் பாருங்கள். எங்கள் நிரலில், யூடிசி-நவ்வை ஐஎஸ்ஓ என்ற தர வடிவில் சரமாக்கி அதன் வாலில் 'இஸட்' என்ற எழுத்தை ஒட்டும் பழக்கம் பல இடத்தில் இருந்தது. யூடிசி என்பதற்கான குறி அது. பழைய விடையில் மண்டலம் இல்லாததால் ஒட்டுவது சரியாக இருந்தது. புதிய விடையில் மண்டலம் தானாகவே வரும். இப்போது சரத்தின் வாலில் முதலில் +00:00, அதற்குப் பின்னால் இஸட், இரண்டும் சேர்ந்து நிற்கும். அதை வாங்கிப் படிக்கும் இன்னொரு நிரல் இது என்ன நேரம் என்று தெரியாமல் விழிக்கும். அப்புறம் டேட்டாபேஸ். அதிலிருந்து வரும் பழைய நேரங்களில் மண்டலம் இல்லை, புதிதாக எடுப்பதில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் பைத்தான் முடியாது என்று டைப்-எரர் கொடுத்துவிடும். உள்ளே நுழைய விடும் ஒரு டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்கும் ஒற்றை வரி உடைந்தால் யாரும் உள்ளே நுழைய முடியாது. எச்சரிக்கை காட்டியது ஓர் இடத்தை, உடைந்தது வேறோர் இடம். எந்த எச்சரிக்கை வாசகத்திலும் இதையெல்லாம் அடக்க முடியாது, அடக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எதிர்காலப் பதிப்பு ஒன்றில் நீக்கப்படும் என்று மட்டும் எழுதி, எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் விட்டதில் இந்த விவரம் தெரிந்தவர்களின் கை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்க்கும்போது இப்போது எவ்வளவோ நிதானம் வந்திருக்கிறது. 2020-இல் 3.9-ஓடு வந்த ஜோன்-இன்ஃபோ நல்ல உதாரணம். நேர மண்டலங்களைக் கையாளும் நிரலை உள்ளே வைத்தார்கள், மண்டலங்களின் தரவை வைக்கவில்லை. அதைச் சிஸ்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் மாதிரி இல்லாத இடத்தில் டிஇஸட்-டேட்டா என்ற தனிப் பொதியை வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அரசாங்கங்கள் நினைத்தால் கடிகாரத்தை மாற்றிவிடும். இலங்கை 1996-இல் ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றியது, 2006-இல் மறுபடி ஐந்தரைக்கே திரும்பியது. வருடத்துக்கு ஒருமுறை வெளியாகும் லைப்ரரியால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி கடைசி வரை உள்ளே வராததையும் இதே கண்ணோடு பார்க்கலாம். இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் எச்டிடிபி வேலைக்கு உள்ளேயே யூஆர்எல்-லிப் இருந்தும், அதன் அதிகாரபூர்வ ஆவணத்தில், இதைவிட வசதி வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்ஸைப் பாருங்கள் என்று எழுதி வெளியே கை காட்டிவிட்டார்கள். கௌரவம் பார்க்காமல் அப்படி எழுதியது பெரிய விஷயம்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஜாவாவில் ஜாவா.யூட்டில்.டேட் கிளாஸின் பெரும்பகுதியை 1997-இலேயே, 1.1 பதிப்பில், வேண்டாம் என்று முத்திரை குத்திவிட்டார்கள். வருடத்திலிருந்து 1900-ஐக் கழித்துக் கொடுக்க வேண்டும், ஜனவரிக்கு எண் பூஜ்யம், அப்படிப்பட்ட கிளாஸ். உருப்படியான மாற்று 2014-இல் ஜாவா 8-இல் வந்தது. பழையது இன்னும் இருக்கிறது, இன்றும் கம்பைல் ஆகும். ஆனால் ஜாவாவில், நிரலை ஓட்டும் முன்பே மொழிபெயர்க்கும் கம்பைலர் இருப்பதால் எச்சரிக்கை எழுதுபவரின் முகத்துக்கு நேரேதான் வரும், பயனரிடம் போகாது. ஜாவா 9-லிருந்து, வேண்டாம் என்பது ஒரு முத்திரை, நிச்சயம் நீக்கப்போகிறோம் என்பது வேறு முத்திரை. இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும். கோ மொழி அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. 2012-இல் கோ 1 வந்தபோது உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். ரேண்டம் எண் பொதியை மேம்படுத்த நினைத்தபோது, 2024-இல் 1.22-ஓடு, பழையதைத் தொடாமல் பக்கத்திலேயே வி2 என்று புதியதை வைத்தார்கள். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் எடுப்பதே இல்லை. வீடு நிறைந்துகொண்டே போகும், அது வேறு விஷயம்.

பைத்தானும் இப்போது அந்தத் திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. சாஃப்ட் டெப்ரிகேஷன் என்று ஒரு நிலை: புதிய நிரலில் பயன்படுத்தாதீர்கள், ஆனால் எச்சரிக்கையும் வராது, எடுக்கவும் மாட்டோம்.  இன்னொன்று, 3.13-இல் வந்த வார்னிங்ஸ்.டெப்ரிகேட்டட் என்ற டெக்கரேட்டர், பெப் 702. இதை ஒரு ஃபங்ஷனின் தலையில் போட்டால், நிரலை ஓட்டாமலே சரிபார்க்கும் டைப் செக்கருக்குத் தெரியும், எடிட்டர் அந்தப் பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டும். நிரலை எழுதும் கை, எழுதும் நேரத்திலேயே பார்த்துவிடும். இத்தனை வருடத்தில் சரியான ஆளிடம் போய்ச் சேரும் முதல் அறிவிப்பு இது என்று சொல்வேன்.

ஆனால் அதற்கு யாராவது கோப்பைத் திறக்க வேண்டும்.

எங்கள் ஆபீஸில் நெட்வொர்க் டீமில் மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணன். பழைய நெட்வொர்க் ஸ்விட்ச்களில் டெல்நெட் என்ற பழைய தொலைநுழைவு நெறிமுறை வழியாக நுழைந்து செட்டிங்ஸை எடுத்து பேக்கப் வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று அவரிடம் இருக்கிறது. டெல்நெட்லிப்பை வைத்து எழுதியது. டெல்நெட் பாதுகாப்பில்லாதது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஸ்விட்ச்களுக்கு வேறு பாஷை தெரியாது. டெபியன் 11 என்ற லினக்ஸ் போட்டிருந்த பழைய மெஷினைக் கழற்றிவிட்டு டெபியன் 13 போட்ட புதியதை வைத்தார்கள். ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே விழுந்துவிட்டது. பெப் 594 நீக்கிய 19 மாட்யூல்களில் டெல்நெட்லிப்பும் ஒன்று.

"தம்பி, போன வாரம் வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லாம ஓடுச்சுப்பா."

"3.11-லயே எச்சரிக்கை போட்டாங்கண்ணே, ரெண்டு வருஷமா."

"எந்த மெஷின்ல போட்டாங்க? என் மெஷின்ல வரலையே."

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. டெபியன் 11-இல் இருப்பது பைத்தான் 3.9, அதில் எச்சரிக்கை இல்லை. டெபியன் 13-இல் இருப்பது 3.13, அதில் மாட்யூலே இல்லை. எச்சரிக்கை வாழ்ந்தது 3.11, 3.12 என்ற இரண்டு பதிப்பில் மட்டும். அந்த இரண்டும் அவர் மெஷினில் ஒருநாளும் ஓடவில்லை. நீக்கும் முன் குறைந்தது இரண்டு பதிப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று பெப் 387 சொல்கிறது. வருடத்துக்கு ஒரு பதிப்பு என்றால் இரண்டு வருடம். டெபியன் மாதிரி நிலையான லினக்ஸ் டிஸ்ட்ரோவில் வாழ்பவர் ஒரே தாவலில் நாலு பதிப்பைத் தாண்டுகிறார். அவகாசம் முழுவதும் அவர் காலுக்குக் கீழே போய்விடுகிறது.

வெளியே மாற்று இருக்கிறது. நீக்கியவற்றை அப்படியே பைபிஐயில் தனிப் பொதிகளாக யாரோ புண்ணியவான்கள் ஏற்றி வைத்திருக்கிறார்கள்: ஸ்டாண்டர்ட்-டெல்நெட்லிப், லெகசி-சிஜிஐ, ஆடியோஆப்-எல்டிஎஸ். ஆனால் அந்த மெஷினுக்கு வெளி இணையம் கிடையாது. இருந்தாலும் சிஸ்டம் பைத்தானில் பிப் என்ற இன்ஸ்டால் கருவி கொண்டு எதையும் நேரடியாக இறக்க டெபியன் இப்போது விடுவதில்லை. ஸ்டாண்டர்ட் லைப்ரரியை அண்ணன் மாதிரி ஆட்கள் நம்பியதற்குக் காரணமே இதுதான். மொழி இருந்தால் போதும், கூட எதுவும் வேண்டாம்.

டெல்நெட்லிப் முழுக்கப் பைத்தானில் எழுதிய ஒற்றைக் கோப்பு. ஸ்கிரிப்ட்டுக்குப் பக்கத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று என்னிடமிருந்த 3.12-இன் கோப்பைக் கொடுத்தேன். ஓடவில்லை. ரன்டைம்-எரர்: டெல்நெட்லிப் 3.13 ஆல்ஃபாவுக்குப் பிறகு நீக்கப்பட வேண்டியது என்று வந்தது. அந்தக் கோப்பில் எச்சரிக்கை விடும் வரியைத் தோண்டிப் பார்த்தால் விஷயம் சுவாரசியமாக இருக்கிறது. பைத்தானை உருவாக்குபவர்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் ஃபங்ஷன் அது. எந்தப் பதிப்பில் நீக்க வேண்டும் என்று அதனிடம் எண்ணைச் சொல்லி வைப்பார்கள். அந்தப் பதிப்பு வரும்வரை எச்சரிக்கை மட்டும். வந்த பிறகும் மாட்யூலை நீக்க மறந்துபோயிருந்தால், ஆல்ஃபா என்ற ஆரம்பச் சோதனைக் கட்டம் தாண்டியதும் எச்சரிக்கை பிழையாக மாறி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். தங்களுக்குத் தாங்களே எழுதி வைத்த நினைவூட்டல்! பயனருக்குப் போகும் செய்தி மறைக்கப்படலாம், தள்ளிப்போகலாம், தாண்டப்படலாம். இது மட்டும் யாரும் தவறவிட முடியாதபடி இருக்கிறது.

அந்த வரியை அழித்தாலும் ஓடியிருக்கும். நாங்கள் கழற்றி வைத்த பழைய மெஷினையே மறுபடி எழுப்பி, 3.9-இன் கோப்பை எடுத்து ஸ்கிரிப்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். அதில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ஸ்கிரிப்ட் ஓடுகிறது. அந்த டெல்நெட்லிப்புக்கு இனிமேல் பொறுப்பு யார் என்று அண்ணனிடம் கேட்டேன். "ஸ்விட்ச் சாகுற வரைக்கும் நான்தான்" என்றார்.